சரைக்குள் போன கடைசி அத்தியாயம்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அடுப்பில் சீரகம் வறுபட்டுக்கொண்டிருந்தபோது 'எழுகடல் வாசல்' ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன். வறுபட்டுக்கொண்டிருந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது கருகிப் புகைந்து, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னக்கா, அடுப்பிலை ஏதும் வைச்சு மறந்துபோனியளோ?" என்று கேட்கும்வரை நான் அசையவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிசி, தலையணை மொத்தத்தில் ஒரு மந்திரக் கதைப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்று அழுவதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. புகை கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னேன்.

நான் அழுதது கதைக்காக மட்டும் என்றால் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். முப்பது வருடங்களுக்கு முன் நான் சொன்ன ஒரு பொய் அந்தக் கடைசிப் பக்கத்தில் பிடிபட்டுப்போயிருந்தது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒரு சீரகப் பைக்கற்றை எடுத்துக் கத்தரியால் வெட்டினேன். இப்போதெல்லாம் சீரகம் இப்படித்தான் வருகிறது. வாசிப்பதற்கு அதில் காலாவதியாகும் திகதி ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சீரகத்தோடு கதையும் வரும்.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. எனக்கு இருபது வயதாக இருக்கும்போது மானிப்பாயில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலம். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஊரே சைக்கிளில் வந்து இறங்கும். பொலித்தீன் பை என்பதெல்லாம் கண்காணாத சாமான். எதை நிறுத்தாலும் சரையில்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். சரை தெரியும்தானே? ஒரு கடதாசித் துண்டைக் கூம்பாகச் சுருட்டி, அடியை முறுக்கி, சாமானைப் போட்டு, வாயை மடித்துச் செருகிவிடுவது. முதல் கிழமை நான் சுற்றிய சரைகளில் பாதி வாங்குகிறவர்களின் பைக்குள்ளேயே அவிழ்ந்தன. ஒரு பெரியவர் மிளகையும் வெந்தயத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டி, "பிள்ளை, இனி நீயே பிரிச்சுத் தா" என்று சொல்லிவிட்டு வாங்கில் குந்திவிட்டார்.

கடையில் நாங்கள் மூன்று பேர். மனேச்சர், மலரக்கா, நான். மனேச்சர் மெலிந்து நெடுத்த மனிதர். எதற்கும் பதறாதவர். கொப்பித்தாளில் சுற்றிய சுருட்டைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருப்பார், நெருப்புப்பெட்டி மிச்சம் பிடிக்கிறாராம். மலரக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். கொழும்புத்துறையிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் வருவா. மழைக்கும் வருவா, ஷெல்லடிக்கும் வருவா. சீத்தைச் சேலையில் ஒரு சுருக்கம் இருக்காது. தராசுத் தட்டில் சீனியைப் போட்டால் இரண்டாம் முறை அள்ளவோ குறைக்கவோ தேவைப்படாது. நான் அவவைப் பார்த்துத்தான் சேலை உடுத்தவும் சனத்தோடு கதைக்கவும் பழகினேன்.

சரை சுற்றக் கடதாசி வேண்டுமே. பழைய கொப்பிகள், பழைய பத்திரிகைகள் என்று ஊரவர்கள் கொண்டுவந்து தருவார்கள். அப்படி ஒரு நாள், கொழும்புக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், தன் அலுமாரியில் சேர்த்து வைத்திருந்த பழைய வாரச் சஞ்சிகைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார். பத்து, இருபது வருடத்துச் சஞ்சிகைகள். முன்பின்னாகக் கலந்து, தும்புக்கயிற்றால் கட்டிய கட்டுக்கள். அவற்றுக்குள்தான் 'எழுகடல் வாசல்' கிடந்தது.

முதலில் கண்டது மலரக்காதான். மிளகாய்த்தூளுக்கு ஒரு தாளைச் சுருட்டப் போனவ, அப்படியே நின்று வாசிக்கத் தொடங்கிவிட்டா. வாங்க வந்த அம்மா, "பிள்ளை, தூள்" என்று இரண்டு தரம் கேட்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. தாளைக் கிழிக்க முன்னம் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கதைப்பக்கம் என்றால் கிழிக்காமல் வெறும் தேயிலைப் பெட்டிக்குள் போட வேண்டும். பங்கீட்டுக் கூப்பன்காரர் எல்லோரும் போய்க் கடை அடங்குகிற மத்தியானத்தில் ஒருவர் வாசிக்க மற்ற இருவரும் கேட்க வேண்டும். மனேச்சர் முதல் இரண்டு நாள், "பிள்ளையள், கடையோ வாசிகசாலையோ?" என்று கேட்டார். மூன்றாம் நாள் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு கடலுக்கும் ஏழு வாசல். ஏழாம் வாசலில் ஒரு விளக்குக் கோபுரம். அதைக் காப்பவள் நீலாட்சி. களவுபோன மழையை மீட்டு வருவதற்காகக் கடம்பன் என்ற மாலுமி மூடுபனிக் கடலுக்குள் கப்பலைச் செலுத்திப் போகிறான். விளக்கு அணைந்தால் கப்பலுக்கு வழி தெரியாது. ஆகவே நீலாட்சி எண்ணெய் வார்த்து வார்த்துக் காத்திருக்கிறாள். அரண்மனையில் கோடரசன் என்றொரு துரோகி. அவனுக்கு ஒரு சாபம்: ஒவ்வொரு பொய்க்கும் ஒரு விரல் கல்லாகும், விரல் முடிந்தால் உடம்பு. பிறகு ஓமலி என்ற கடல்யானை, கப்பலுக்குப் பின்னால் குழந்தை மாதிரி நீந்தி வருவது.

கட்டுக்கள் முன்பின்னாகக் கிடந்ததால் நாங்களும் கதையை முன்பின்னாகத்தான் வாசித்தோம். ஓமலி செத்துப்போன அத்தியாயம் முதல் கிழமையே கிடைத்துவிட்டது. அது பிறந்த அத்தியாயம் கிடைக்க ஒன்றரை மாதம் சென்றது. அதனால் எங்களுக்கு அதன் சாவு ஒரு சாவாகவே படவில்லை. பிறகு பிறந்துவிட்டதுதானே என்ற ஆறுதலில் இருந்தோம். கோடரசன் ஒரு நாள் முழங்கைவரை கல்லாக இருப்பான், அடுத்த நாள் பத்து விரலாலும் சோறு சாப்பிடுவான். மனேச்சருக்கு அவன்மேல்தான் பிரியம். "ஒவ்வொரு பொய்க்கும் ஒரு விரல் கல்லாப் போனால், பிள்ளையள், உலகத்திலை தராசு பிடிக்க ஆர் மிஞ்சுவினம்?" என்பார்.

மலரக்காவுக்கு நீலாட்சி. அதற்குக் காரணம் இருந்தது. அவவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்து, நாள் வைக்காமல் நின்றிருந்தது. காங்கேசன்துறைப் பக்கத்து ஆள். கப்பலில் வேலை. ஊரைவிட்டு இடம்பெயர்ந்து அவருடைய ஆட்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அடுத்தமுறை வரும்போது கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனவரிடமிருந்து மூன்று வருடமாகக் கடிதம் இல்லை. கடிதம் வராததற்கு அந்தக் காலத்தில் ஆயிரம் நியாயம் சொல்லலாம். மலரக்கா ஒன்றும் சொல்ல மாட்டா. தபால்காரர் கடையைக் கடந்து போகும்போது மட்டும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பா.

இன்னொரு சட்டமும் எங்களிடம் இருந்தது. கடைசி அத்தியாயம் யார் கையில் அகப்பட்டாலும், மற்ற இருவரும் வரும்வரை வாசிக்கக் கூடாது. கட்டுக்கள் குறைந்துகொண்டு வந்தன. ஆறேழு கட்டு, பிறகு மூன்று, பிறகு ஒன்று. நடுக்கதை எல்லாம் கிடைத்துவிட்டது, முடிவுதான் மிச்சம்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. சீனி வந்த நாள். வரிசை சந்திவரைக்கும் நின்றது. மலரக்கா லீவு. தென்மராட்சியிலிருந்து ஒரு மாஸ்ரரின் வீட்டார் அவவைப் பார்க்க வருவதாக இருந்தது. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கிறது என்று தாயார் அழுது ஏற்பாடு செய்தது. மனேச்சர் பின்னால் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தார். முன்னால் நான் தனிய. நான் தாளின் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஒருவருக்குச் சீரகம் சுற்றி, அடியை முறுக்கி, வாயைச் செருகும்போது, என் பெருவிரலுக்குக் கீழே விளக்குக் கோபுரத்தின் படமும் அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'முற்றும்' என்ற சொல்லும் தெரிந்தன. கண் கண்டது, மூளைக்குப் போகவில்லை. சரையை நீட்டினேன். ஒரு கை வாங்கியது. அடுத்த கூப்பனை எடுத்தேன்.

இரண்டு பேருக்குப் பருப்பு நிறுத்து முடிந்த பிறகுதான் விளங்கியது. வரிசையை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். சந்தியில் நாலு பக்கமும் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லாக் காண்டிலிலும் ஒரு பை தொங்கியது. யாருக்குக் கொடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. கை மட்டும்தான் நினைவில் இருந்தது. அதுவும் ஆணின் கையா பெண்ணின் கையா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன். பிறகு இரண்டு நாளாக வருகிறவர்களிடம் எல்லாம் சீரகம் சுற்றின தாளைக் கேட்டேன். ஒரு மாமி, "சீரகத்துக்கை கல்லு கிடந்தால் சொல்லு பிள்ளை, மாத்துவம். கதை கிடந்தால் நான் என்ன செய்ய, அடுப்பு மூட்டியாச்சு" என்றா.

புதன்கிழமை காலை மலரக்கா வந்தா. முகம் வீங்கியிருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ளை மறுமொழி சொல்லட்டாம்" என்றா. மாஸ்ரர் நல்ல மனிசன்போலத்தான் இருக்கிறார் என்றும் சொன்னா. அவவைச் சிரிக்கவைக்க வேறு வழி தெரியாமல், கடைசி அத்தியாயம் வந்து அது சரைக்குள் போன அவமானத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

அவ சிரிக்கவில்லை. "சுத்த முன்னம் வாசிச்சனியோ?" என்று கேட்டா.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவவின் முகத்தைப் பார்த்தேன். "ஓம் அக்கா" என்றேன்.

"வந்தவனோ?"

இந்த ஒரு கேள்விதான் கேட்டா. யார் வந்தது, எப்போது, ஒன்றும் கேட்கவில்லை.

"ஓம் அக்கா. வந்திட்டான்."

பொய் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குக் கை கால் வைக்க வேண்டும். அதுவரை பார்த்த படம், கேட்ட கதை எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி ஒரு முடிவு கட்டினேன். ஏழு வாசலும் ஒன்றாகத் திறந்தன. மழை முன்னால் வந்தது, கப்பல் பின்னால் வந்தது. கடம்பனின் தலை நரைத்திருந்தது. எண்ணெய் சுட்டுக் காய்த்த நீலாட்சியின் கையைப் பிடித்து, 'விளக்குத் தெரிந்தது' என்றான். மனேச்சரும் சாக்கை விட்டுவிட்டு வந்து கேட்டார். "கோடரசன்?" என்றார். "முழுக்கக் கல்லாப்போனான் ஐயா" என்றேன். "பாவம்" என்றுவிட்டுப் போனார். மலரக்கா தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தா. அன்றைக்கு மத்தியானம் என் சின்னி விரலை நான் பலமுறை மடக்கிப் பார்த்தேன். மடங்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை மாஸ்ரர் வீட்டுக்கு மறுமொழி போனது. வேண்டாம் என்று.

பிறகு எல்லோரும் ஊரைவிட்டு ஓடினோம். திரும்பி வந்தவர்கள் வந்தோம். மனேச்சர் வரவில்லை, இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து அவர்களும் வளர்ந்து வெளிநாடு போய்விட்டார்கள். மலரக்கா கல்யாணம் செய்யவில்லை. வேறு ஒரு சங்கக்கடையில் பென்சன் வரும்வரை வேலை செய்தா. இப்போது கொழும்புத்துறையில் சகோதரியின் மகளான பெறாமகளின் குடும்பத்தோடு இருக்கிறா. கோயிலிலோ கல்யாண வீட்டிலோ கண்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் கதைப்பா. நான் சிரித்துக் கதைப்பேன். இந்த மனிசியின் வாழ்க்கையை நான் ஒரு சரையில் சுற்றிக் கொடுத்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு முப்பது வருடமாக இருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே அட்டைப்பெட்டிக்குள் ஏழு பாகமாக 'எழுகடல் வாசல்' இருந்தது. புதுப் பதிப்பு. கோபுரத்தின் படத்தைக் கண்டதும் அங்கே கிடந்த கதிரையில் இருந்துவிட்டேன். கடைக்காரத் தம்பி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வாங்காமல் வந்திருக்கலாம். வாங்கினேன். அதோடு நிற்காமல், அன்று பின்னேரமே மலரக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லியும்விட்டேன். என் வாயைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

நான் ஒரு பாகத்தை முடித்ததும் பஸ்ஸில் கொண்டுபோய் அவவிடம் கொடுப்பது, முந்தியதை வாங்கிவருவது, முடிந்த பாகத்தைப் பற்றி மட்டும் போனில் கதைப்பது என்று ஏற்பாடு. இந்த முறை கதை ஒழுங்காக நடந்தது. ஓமலி பிறந்த பிறகுதான் செத்தது. ஆறாம் பாகத்தில் அது செத்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க எடுக்கவில்லை. அந்தச் சாவு தேவையில்லாத சாவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். கப்பலைப் பாறையில் தட்டாமல் காப்பாற்ற வேறு வழியா இல்லை? மலரக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அது வளந்திட்டுது பிள்ளை. வளந்தாப்பிறகு கப்பலுக்குப் பின்னாலை எவ்வளவு காலத்துக்கு நீந்தும்?" என்றா. கோடரசனைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு: மனேச்சர் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு போனிலும் கடைசியில் ஒன்று சொல்லுவா. "கடம்பன் என்னதான் சுத்தினாலும் கடைசியிலை வந்திடுவான்தானே. அது எங்களுக்குத் தெரியும். அதாலை பயமில்லாமல் வாசிக்கலாம்." நான் ஓம் என்பேன். நான் பயந்து பயந்துதான் வாசித்தேன். கதை என்றால் நாயகன் திரும்பி வருவதுதானே வழக்கம், எழுதியவரும் என் பொய்யை எழுதியிருக்கக் கூடாதா என்று நேர்த்தி வைக்காத குறை. ஏழாம் பாகத்தில் கப்பல் மழையோடு திரும்புகிற இடம் வந்தபோது எழும்பி நின்றுவிட்டேன். கப்பல் வந்தது. மழை வந்தது. கடம்பன் வரவில்லை.

கோடரசன் கழுத்துவரை கல்லாகி, கடைசியாக ஒரேயொரு உண்மை சொல்கிறான். வழி காட்டுகிற உண்மை. அதனால் கப்பல் தப்புகிறது. அவன் கல்லாகவே நிற்கிறான், ஆனால் கடற்பறவைகள் அவன் தோளில் கூடு கட்டுகின்றன. நல்ல முடிவு. நான் சொன்னதைவிட எவ்வளவோ நல்ல முடிவு. கடம்பன் மூடுபனிக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறான். ஒரு விடியலில் நீலாட்சி பார்க்கிறாள்: தூரத்தில், அந்தக் கரையில், இன்னொரு விளக்கு எரிகிறது. அவன் உயிரோடு இருக்கிறான், வரப்போவதில்லை என்று அவளுக்கு விளங்குகிறது. மூன்று நாள் அந்த ஒளியைப் பார்க்கிறாள். பிறகு தன் விளக்கின் திரியை விரலால் நசுக்கி நூர்த்து, வாசலைச் சாத்திவிட்டு, உப்பு ஏற்றிப்போகும் ஒரு தோணியில் ஏறித் தெற்கே போகிறாள். முற்றும்.

சீரகம் கருகியது இந்த இடத்தில்தான். முதலில் எழுதியவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஏழு பாகம் எண்ணெய் வார்த்தவளுக்கு இதுவா கூலி? இரண்டாம் தரம் வாசித்தபோது கோபம் மாறிவிட்டது. அவளை யாரும் கைவிடவில்லை, அவளாகத்தான் எழும்பிப் போகிறாள். அந்தச் சரை மட்டும் அன்றைக்கு என் கையைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால், மலரக்காவும் அந்த வெள்ளிக்கிழமை எழும்பிப் போயிருப்பாவோ என்று நினைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

புத்தகத்தைக் கொண்டுபோக எனக்கு ஐந்து நாள் எடுத்தது. ஒரு நாள் மழை என்றேன். ஒரு நாள் முழங்கால் நோ என்றேன். ஏழாம் பாகத்தில் கடைசிப் பக்கங்கள் அச்சாகவில்லை என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். இந்த வயதில் இன்னொரு விரலையும் கல்லாக்க வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன்.

மலரக்கா வீட்டில் போடும் சோட்டியோடு வாசலில் நின்றா. கண்ணாடியைத் துடைத்து ஆயத்தமாக வைத்திருந்தா. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. கடலிலிருந்து காற்று நல்லாக வீசியது, முற்றத்து வேலியில் யாரோ நண்டுவலை காயப்போட்டிருந்தார்கள். தேத்தண்ணியைத் தந்துவிட்டுப் புத்தகத்துக்குக் கையை நீட்டினா.

"அக்கா, உந்தப் புத்தகத்தைத் திறக்க முன்னம் நான் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லன்."

"அண்டைக்கு நான் கடைசி அத்தியாயத்தை வாசிக்கேல்லை. படத்தையும் முற்றும் எண்டதையும்தான் கண்டனான். கடம்பன் வந்தது நான் கட்டின கதை."

அவ என்னை ஒருமுறை பார்த்தா. "அப்ப இதிலை வாறேல்லையோ?"

"இல்லை அக்கா."

"சரி. பொறு, பாப்பம்" என்று சொல்லிவிட்டு, நேரே கடைசி அத்தியாயத்தைத் திறந்து, வரிக்கு விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினா. என் தேத்தண்ணி ஆறியது. நான் நண்டுவலையின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தா.

"நல்லா எழுதியிருக்கிறார்" என்றா. "விளக்கைத் தானே நூர்க்கிறாள் பார், அது சரி. ஆனா மூண்டு நாள் காணாது, இன்னும் கன நாள் வேணும்."

எனக்கு அடக்க முடியவில்லை. "அக்கா, அந்த மாஸ்ரரை வேண்டாம் எண்டு சொன்னது அந்தக் கிழமைதானே. நான் சொன்னதைக் கேட்டுத்தானே."

"எடி விசரி, உதையே இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டு திரிஞ்சனீ?" மலரக்கா சிரித்தா. பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "நீ சொல்லாட்டிலும் நான் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். நீ சொன்னபடியாலை அழாமல் சொன்னன். அவ்வளவுதான்" என்றா.

நான் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன்.

"அவர் வந்தவர், தெரியுமே?" என்றா.

கப்பல்காரர் வந்தது எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது.

"எட்டு வருசத்துக்கு முன்னம். வான் பிடிச்சு வந்தவை. மனிசி, ரெண்டு பெடியள், மூத்தவன் கட்டப்போற பிள்ளை. இந்தக் கதிரையிலைதான் இருந்தவர். தலை முழுக்க நரைச்சுப்போச்சு, நீ சொன்ன மாதிரியே. கையைத்தான் பிடிக்கேல்லை. கையெடுத்துக் கும்பிட்டவர். தேத்தண்ணி குடிச்சவை. மனிசி நல்ல மனிசி, போகேக்கை என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது. நான்தான் அதைத் தேத்தி வானிலை ஏத்தினன்."

கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்துக்கு மேல் வைத்தா. "கடம்பன் வந்தாப்பிறகு நீலாட்சி என்ன செய்தவள் எண்டு நீ சொல்லேல்லை. நானும் உன்னட்டைக் கேக்கேல்லை."

"என்ன அக்கா செய்தனீங்கள்?"

"அவை குடிச்ச தேத்தண்ணிப் பேணியளைக் கழுவி வைச்சன்" என்றா.

புத்தகத்தை வைத்து ஆறுதலாக முதலிலிருந்து வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னா. நான் திரும்பி வரும் வழியில் மானிப்பாயில் இறங்கி, பழைய சங்கக்கடை இருந்த இடத்துக்கு நடந்து போனேன். ஒன்றும் இல்லை. இருந்த கட்டடத்தை இடித்து, கைப்பேசி விற்கிற கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். மனேச்சரின் கதிரை இருந்த இடத்தில் ஒரு பிள்ளை குளிரூட்டிக் காற்றுக்குக் கீழே இருந்து போனுக்குத் திரை ஒட்டிக்கொண்டிருந்தது. சனம் வரிசையில் நிற்கவில்லை. பொலித்தீன் பையோடு வந்து பொலித்தீன் பையோடு போனார்கள். தேயிலைப் பெட்டிக்குள் நாங்கள் சேர்த்த கதைப்பக்கங்களை இடம்பெயர்ந்த அன்று அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். அவற்றை யார் எடுத்து எதைச் சுற்றினார்களோ.

நேற்று மலரக்காவின் பெறாமகள் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தா. எங்கள் பக்கம், மானிப்பாயில்தான் அவவுக்கு வேலை. பைக்குள் ஏழாம் பாகம் இருந்தது. எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன். கடைசித் தாளைக் காணவில்லை. பிளேட்டால் ஒரு பிசிறு இல்லாமல் வெட்டி எடுத்திருந்தது. பைக்குள் மறுபடி கையை விட்டேன். அடியில் ஒரு சரை கிடந்தது. உள்ளே வறுத்த சீரகம், கருகாமல், பதமாக. வெளியே என் பெருவிரல் பட்ட இடத்தில் 'முற்றும்' என்று இருந்தது. இந்தமுறை அதை வாங்கிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.